அந்தரத்தில் ஓர் இரும்புக் குண்டு

காந்தத்துக்கு மேல காந்தத்தை மிதக்க விட சின்ன வயசுல முயற்சி பண்ணியிருப்பீங்க. நிக்காது. ஒண்ணு கவுந்துடும், இல்ல ஒட்டிக்கும். ஏன் நிக்காதுன்னு 1842ல் கணக்குப் போட்டுக் காட்டியவர் இங்கிலாந்தின் சாமுவேல் எர்ன்ஷா. மாறாத காந்தங்களை எப்படி அடுக்கினாலும் ஏதாவது ஒரு பக்கம் சறுக்கிடுமாம்.

'மாறாத' - ஓட்டை அங்கதான் இருக்கு. 1930களில் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஜெஸ்ஸி பீம்ஸ் குழுவினர் அதில்தான் புகுந்தாங்க. பீம்ஸுக்கு வேண்டியது மிதக்கிற வித்தை இல்லை, உராய்வே இல்லாத சுழற்சி. மேலே மின்காந்தம், கீழே இரும்புக் குண்டு. குண்டு இறங்கினா மின்சாரம் கூடணும், ஏறினா குறையணும். எல்லாம் வால்வு சர்க்யூட், மைக்ரோகண்ட்ரோலர் எல்லாம் கனவுல கூட கிடையாது.

கேட்க சுலபமா இருக்கு இல்ல? காயிலில் மின்சாரம் மாற கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதுக்குள்ள குண்டு தாண்டிப் போயிடும். இடத்தை மட்டும் பார்த்துத் திருத்தினா ஆட்டம் அதிகமாகிட்டே போய் 'டொக்'. குண்டு எங்க இருக்குன்னு மட்டும் இல்லை, எவ்வளவு வேகத்தில் வருதுன்னும் சர்க்யூட்டுக்குத் தெரியணும்.

அதைச் சாதிச்சவங்க குண்டை வெற்றிடத்தில் தொங்கவிட்டு, சுழலும் காந்தப்புலத்தால் சுத்த விட்டாங்க. 1946ல் வெளியிட்ட கணக்கு: சுமார் 0.8 மி.மீ. விட்டமுள்ள எஃகுக் குண்டு, நொடிக்கு 3,86,000 சுற்று! நிமிஷத்துக்கு 2 கோடிக்கும் மேல. விளிம்பு வேகம் நொடிக்குக் கிட்டத்தட்ட 960 மீட்டர்னு வருது, நானே கால்குலேட்டரில் ரெண்டு தடவை போட்டுப் பார்த்தேன். அதுக்கு மேல போனா எஃகே தாங்காம வெடிச்சுடும்.

1997ல் நெதர்லாந்தில் 16 டெஸ்லா காந்தத்தில் தவளையை மிதக்க விட்ட கதை எல்லாருக்கும் தெரியும், அதனால விட்டுடறேன். தவளைக்குக் கண்ட்ரோல் சர்க்யூட்டே தேவைப்படல, கொடுத்து வச்ச ஜென்மம் :-)

எனக்கு ஏன் இவ்வளவு அக்கறைன்னா, இறுதியாண்டு ப்ராஜெக்டே இதுதான். எல்.ஈ.டி., ஃபோட்டோ டயோடு, கையால சுத்தின காயில். வைவா வரைக்கும் குண்டு மூணு நொடிக்கு மேல நிக்கல. ரெக்கார்டில் நாங்க ஒட்டின அழகான கிராஃப் வெறும் சிமுலேஷன். 'சோதனை முடிவு'ன்னு தலைப்பு மட்டும் நிஜம் மாதிரி. யாரும் கேட்கல, மார்க்கும் வந்துடுச்சு.

போன மாசம் பீம்ஸைப் பத்திப் படிச்சப்பதான் புரிஞ்சது, எங்க சர்க்யூட்டில் வேகத்தைப் பார்க்கிற பகுதியே இல்லை. பழைய காயில் ஊர்ல பரண்மேல கிடக்கு. பொங்கலுக்குப் போறப்ப எடுத்துட்டு வரணும்.