இஷ்டம்

வடமொழியில் 'இஷ்' என்றால் விரும்புதல். அதிலிருந்து வந்த 'இஷ்டம்' விரும்பப்பட்டதைக் குறிக்கும். தமிழ் எழுத்துக்கு இணங்க 'இட்டம்' என்றும் எழுதுவதுண்டு. குலதெய்வம் பிறப்போடு வருவது. இஷ்டதெய்வம் நாமே தேர்ந்துகொள்வது. தெரிவுரிமை என்ற பொருள் அங்கே தெளிவாக நிற்கிறது.

பேச்சில்தான் வேடிக்கை. "உங்க இஷ்டம்" என்று கடைக்காரர் சொன்னால் உரிமை நம்முடையது. அதையே அம்மா "உன் இஷ்டம்" என்று முகம் திருப்பிச் சொன்னால், அனுமதி இல்லை என்று பொருள்! 'இஷ்டத்துக்குப் பேசுறான்' என்பதிலோ விருப்பம் கரைந்து, வரம்பின்மை மட்டுமே மிஞ்சுகிறது. 'விருப்பம்' இந்தக் கோபத்தைத் தாங்காது. 'விருப்பத்துக்குப் பேசுறான்' என்று யாரும் திட்டுவதில்லை. பழைய கல்யாணப் பத்திரிகைகளிலும் இந்தச் சொல் உண்டு: 'இஷ்டமித்ர பந்துக்களுடன்' (விருப்பமான நண்பர்கள், உறவினர்களுடன்) என்று அழைப்பார்கள். இப்போது பெரும்பாலும் 'சுற்றமும் நட்பும் சூழ'.