இலண்டன் தந்த படிப்பினை

மருத்துவப் பணியில் புதிய கருவியொன்று புகும்போது அதன் விரைவை நாம் அளந்து பார்க்கின்றோம். அதைக் கையாளும் மனிதரின் நிலையை எண்ணிப் பார்ப்பதில்லை. இக்குறை எத்தகைய இன்னலில் முடியும் என்பதற்கு 1992-ஆம் ஆண்டு இலண்டனில் நிகழ்ந்ததே சான்றாகும்.

இலண்டன் ஆம்புலன்ஸ் சேவை அந்நாளில் சுமார் 600 சதுர மைல் பரப்பில் வாழ்ந்த ஏறத்தாழ 68 இலட்சம் மக்களுக்குப் பொறுப்பேற்றிருந்தது. தொலைபேசி அழைப்பு வந்ததும் ஒருவர் விவரத்தைத் தாளில் எழுதி, நிலப்படத்தில் இடத்தைக் கண்டு குறிப்பார். ஒரே விபத்துக்குப் பலர் அழைத்திருந்தால் மற்றொருவர் அவற்றை ஒன்றாக்குவார். எவ்வண்டியை அனுப்புவதென அனுபவமுள்ளோர் முடிவு செய்வர். தாமதமான முறைதான், ஆயினும் அதில் மனித அறிவு விழித்திருந்தது.

அக்டோபர் 26 அன்று அப்பொறுப்பு முழுவதும் ஒரே நாளில் கணிப்பொறியிடம் ஒப்படைக்கப்பட்டது. அறியப்பட்ட 81 குறைகள் அப்போதும் தீராமலிருந்தன! வண்டிகளின் இருப்பிடம் பற்றிய செய்தி பிழைபடவே, ஓரிடத்துக்கு இரு வண்டிகள் சென்றன. அருகிலிருந்ததை விட்டுத் தொலைவிலிருந்தது அனுப்பப்பட்டது. காத்திருந்தோர் மீண்டும் அழைத்தனர். அழைப்புகள் பெருகத் தாமதமும் பெருகிற்று. மறுநாளே பாதி வேலை மனிதர் கைக்குத் திரும்பிற்று.

நவம்பர் 4 அதிகாலையில் கணிப்பொறி அடியோடு நின்றது. மூன்று வாரங்களுக்கு முன் நிரலில் விடப்பட்ட சிறு பிழையொன்று, வண்டி புறப்படுந்தோறும் நினைவகத்தில் சிறிது இடத்தைப் பிடித்துக்கொண்டு விடாதிருந்ததே காரணம். மாற்றாக வைத்திருந்த கருவியும் கைகொடுக்கவில்லை. பலர் உயிரிழந்ததாகப் பத்திரிகைகள் எழுதின, அது நிறுவப்படவில்லை. எனினும் மக்களின் நம்பிக்கை சிதைந்தது.

1993 பிப்ரவரியில் வெளிவந்த விசாரணை அறிக்கை ஓர் அரிய உண்மையை உரைத்தது. முதலிரு நாட்களில் கருவி பழுதுபடவில்லை, வகுத்தபடியே இயங்கிற்று. வகுத்த முறையே பிழை! மிகக் குறைந்த விலை, நெருக்கடியான காலக்கெடு, போதாத பயிற்சி, பணியாளரின் அவநம்பிக்கை ஆகியவை ஒன்றுகூடி விளைத்த தீங்கு அது.

அதே சேவை 1996-இல் வேறொரு கணிப்பொறி முறையைச் சொந்தப் பணியாளரின் கருத்தைக் கேட்டு, சிறு சிறு படிகளாகக் கொணர்ந்தது, வெற்றியும் கண்டது. நகரம் அதே நகரம். பணியும் அதே பணி. அணுகுமுறை ஒன்றே மாறிற்று.

இன்று நம் ஊர் மருத்துவமனைகளிலும் ஏடுகள் திரைகளாகி வருகின்றன. நோயாளியின் உயிர் அமானிதம். ஆகவே, ‘கருவி ஓடுகிறதா?’ என்று கேட்பதோடு நாம் நின்றுவிடலாகாது. ‘அது நின்றுபோனால் என் செய்வது? அதைத் தொடும் தாதியரிடம் யாரேனும் கேட்டனரா?’ என்றும் கேட்டாக வேண்டும்.