தோட்டப்புறச் சிறு வணிகமும் இளைஞர் வேலையும்: சங்கங்கள் எங்கே கைகொடுக்கலாம்?

தோட்டப்புறங்களிலும் சிறுநகரங்களிலும் நம்மவர் பலர் நாசி லெமாக் கடை, முறுக்கு வியாபாரம், தையல், மோட்டார் சைக்கிள் பட்டறை என்று சொந்தக் காலில் நிற்கின்றனர். அவர்களுக்கான கடனுதவித் திட்டங்கள் நாட்டில் உள்ளன. ஆனால் உரிய பத்திரங்கள் இல்லாதவர் அவற்றை அணுக முடியாமல், கடைசியில் வட்டி முதலைகளிடம் போய்ச் சிக்குகிறார். இந்த இடைவெளியை அடைக்க உள்ளூர்ச் சங்கங்களால் முடியும்.

கூடிச் சேமித்து நிமிர்ந்த வரலாறு நமக்குண்டு. தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டு, தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் இழந்துவந்த காலத்தில், 1960-இல் துன் வீ.தி.சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் 100 வெள்ளிப் பங்கை மாதம் 10 வெள்ளியாகக் கட்டினர். கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் அச்சங்கம் வாங்கிய முதல் தோட்டம்.

கடனுதவி

1987-இல் தொடங்கிய அமானா இக்தியார், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அடமானமின்றிக் குழு முறையில் சிறுகடன் தருகிறது. 2024-இல் இந்திய மகளிருக்கென 'பெண்' திட்டத்தை 5 கோடி ரிங்கிட்டில் அறிமுகப்படுத்தியது. 1998-இல் அமைந்த தெக்குன், இந்திய வணிகர்களுக்கு 'ஸ்புமி' திட்டத்தை நடத்துகிறது. தொழிலை விரிவாக்க விரும்புவோருக்கு 1 லட்சம் ரிங்கிட் வரை தரும் 'ஸ்புமி கோஸ் பிக்' திட்டமும் 2024-இல் வந்தது.

முதலில் வேண்டிய பத்திரங்கள்

தீபகற்பத்தில், வணிகம் தொடங்கிய 30 நாள்களுக்குள் எஸ்.எஸ்.எம். எனப்படும் நிறுவன ஆணையத்தில் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் பதிந்தால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், கடைப் பெயர் வைத்தால் 60 ரிங்கிட். கடைக்கு ஊராட்சி மன்ற உரிமம் தேவை. உணவு விற்போருக்கு டைபாய்டு தடுப்பூசியும் உணவு கையாளும் பயிற்சியும் கட்டாயம். வியாபாரப் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கும் அன்றாட வரவு செலவுக் குறிப்பும் இருந்தால் விண்ணப்பம் வலுப்பெறும்.

இளைஞர்களுக்கு

எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழ் மூன்று நிலைகள் கொண்டது. அதற்கு மேல் டிப்ளோமாவும் உயர்நிலை டிப்ளோமாவும் உண்டு. மனிதவள அமைச்சின் ஐ.எல்.பி., இளைஞர் விளையாட்டு அமைச்சின் ஐ.கே.பி.என். போன்ற கழகங்களில் பயிலலாம். பட்டறையில் பல ஆண்டுகள் தொழில் கற்றவர், வகுப்புக்குப் போகாமலே அனுபவத்தை நிரூபித்துச் சான்றிதழ் பெறும் பி.பி.தி. முறையும் உள்ளது. செய்த வேலையின் படங்களையும் முதலாளியின் கடிதத்தையும் இன்றே சேர்த்து வைப்பது நல்லது.

சங்கங்கள் செய்யக்கூடியவை

ஆலய மண்டபத்திலோ இளைஞர் மன்றத்திலோ மாதம் ஒரு ஞாயிறு ஒதுக்கலாம். கணினி தெரிந்த ஓர் இளைஞரும், மலாய்ப் பாரங்களை நிரப்பத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் போதும். தெக்குன் கிளை அதிகாரியை நேரில் அழைத்து விளக்கம் தரச் செய்யலாம். கமிஷன் கேட்கும் இடைத்தரகர்களை அண்டவிடக் கூடாது. யார் விண்ணப்பித்தார், என்ன பதில் வந்தது என்று ஏட்டில் குறித்து, மறு மாதம் விசாரிக்க வேண்டும்.

கடன் கிடைத்ததோடு பொறுப்பு முடிவதில்லை. தவணை தவறினால் அடுத்த கடன் கிடைப்பது கடினம். அதனால் தவணைத் தேதியை நினைவூட்டுவதும் சங்கம் செய்யக்கூடிய உதவிதான்.