பகற்கனவும் பயண உரிமையும்: மலேசியத் தமிழ்ப் படங்களில் கனவு காணும் பிள்ளைகள்

1939இல் ஜேம்ஸ் தர்பர் 'நியூயார்க்கர்' இதழில் எழுதிய சிறுகதையில் வால்டர் மிட்டி எங்கும் போவதில்லை. மனைவியைச் சிகையலங்காரக் கடையில் இறக்கிவிட்டுத் தெருவில் அலைகிறான். அலையும்போதே போர் விமானியாகிறான், அறுவை மருத்துவராகிறான், கடைசியில் கற்பனையிலேயே துப்பாக்கிகளுக்கு முன் நிற்கிறான். 2013இல் பென் ஸ்டில்லர் எடுத்த படம் அந்த மிட்டியை வெளியூருக்கு அனுப்பிவைத்தது. 'லைஃப்' இதழின் நெகட்டிவ் அறை ஊழியன், தொலைந்துபோன 25ஆம் நெகட்டிவைத் தேடி கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, இமயமலை என்று போகிறான். போகப் போகப் பகற்கனவு குறைகிறது. வாழ்க்கை கைக்கு வருகிறது. பார்ப்பவருக்கு மனம் நிறைகிறது. எனக்கும் நிறைந்தது.

ஆனால் இந்த நிறைவு ஒரு கணக்கின்மேல் நிற்கிறது. ஆள் மனம் வைத்தால் போதும், உலகம் வழிவிடும் என்பதே அந்தக் கணக்கு. கிள்ளான் பள்ளத்தாக்கில் உருவான தமிழ் வாழ்வை வைத்துப் பார்த்தால் அது ஒத்துவருவதில்லை. மலேசியத் தமிழ்ப் படங்களின் கனவுப் பிள்ளைகள் மிட்டியைப்போல் கிளம்பிப் போகாததற்கு இயக்குநர்களின் அவநம்பிக்கையைக் காரணமாகச் சொல்வது எளிது. கிளம்பும் உரிமையே இங்கு போராடிக் கேட்கவேண்டியிருந்தது என்பதுதான் சரியான காரணம் என்று கருதுகிறேன்.

1941ஆம் ஆண்டின் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் சீவுவோர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். முன்னின்றது கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம். அதன் முக்கியத் தலைவர் ஆர். எச். நாதன். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி, பெண்களிடம் அத்துமீறுவதற்கு முடிவு, பிள்ளைகளுக்குப் படிப்பு, கள்ளுக்கடை மூடல் என்று கோரிக்கைகள் நீண்டன. அவற்றுள் இரண்டு நம் விவாதத்துக்கு நேரே வந்து நிற்கின்றன. உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும் என்பது ஒன்று. துரைமாருக்கும் தோட்ட அதிகாரிகளுக்கும் முன்னால் சைக்கிளைவிட்டு இறங்காமல் ஓட்டிச் செல்ல விடவேண்டும் என்பது மற்றொன்று. மே மாதம் நாதன் கைதானார், சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது, படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

இந்தச் சைக்கிள் கோரிக்கையை மனத்தில் வைத்துக்கொண்டு ஸ்டில்லர் படத்தின் புகழ்பெற்ற காட்சியைப் பாருங்கள். ஐஸ்லாந்தின் மலைச்சாலையில் சறுக்குப் பலகைமேல் நின்றபடி மிட்டி இறங்குகிறான். ஆளில்லாச் சாலை, தடுப்பாரில்லை. சாலை யாருடையது என்ற கேள்வியே எழவில்லை. கிள்ளான் தோட்டத்துச் செம்மண் பாதையில் அந்தக் கேள்விதான் முதலில் எழுந்தது.

இன்னொரு இடத்தில் இரு கதைகளும் கிட்டத்தட்டத் தொட்டுக்கொள்கின்றன. 'லைஃப்' அச்சிதழ் மூடப்பட, மிட்டிக்கும் வேலை போகிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புக்கு விற்கப்பட்டும் போனபோது நம்மவருக்கும் வேலை போனது. கிள்ளானின் புக்கிட் ராஜா தோட்ட நிலத்தில் இன்று ஒரு நகரியமே எழுந்து நிற்கிறது. மிட்டியிடம் காசோலைப் புத்தகம் இருக்கிறது, விற்க அம்மாவின் பியானோ இருக்கிறது. வரவு செலவைக் காட்டத் தயங்காதது அந்தப் படத்தின் நேர்மை. தோட்டத்தில் லயத்து வீடும் நிர்வாகத்தின் சொத்து. வேலை போன அன்றே கூரையும் போகும். அவனுக்கு விடுதலையாக அமைந்த வேலையிழப்பு, இவர்களைப் புறம்போக்கு நிலத்துக் குடிசைகளுக்குத் தள்ளியது.

அந்தக் குடியிருப்பிலிருந்துதான் சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' (2015) பேசுகிறது. காலம் 1990களின் தொடக்கம். பன்னிரண்டு வயது அப்போய் குறும்பன், கற்பனைக்காரன். அப்பா மணியம் அவன் படித்து ஆளாகவேண்டும் என்று அடித்து வளர்க்கிறார். ஒரு சித்தப்பா போதைப் பழக்கத்திலிருந்து மீள முயல்கிறவர். 'மெக்சிகோ' என்று பேர் எடுத்த இன்னொருவர் கேங்கில் இருப்பவர். பையனுக்குக் கண்ணில் படும் ஒரே சாகசக்காரர் அவர்தான். இங்கேதான் படம் மிட்டி வகையிலிருந்து விலகுகிறது. மிட்டியின் கனவு அவனை யாரும் கவனிக்காத தனிமையிலிருந்து பிறக்கிறது. அப்போயைப் பள்ளியும் வீடும் ஓயாமல் கவனிக்கின்றன. கவனிப்பு என்றால் பிரம்பு. அவன் கற்பனைக்குத் திறக்கும் கதவு தெருவில் இருக்கிறது, அதற்குக் காவல் நிற்பது கேங். நிஜ வாழ்வைக் கண்டடைவது என்பது இந்தப் பையனுக்குப் பரிசாக வரவில்லை.

தீபக் குமாரன் மேனனின் 'செம்மண் சாலை' (2005) தோட்டத்துப் பெண்ணின் படிப்பாசையைச் சொன்னது. அவருடைய 'சலங்கை' (2007) பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தது: பூ விற்கும் அம்மா, பரதம் கற்க ஏங்கும் உமா. நடனப் பள்ளிக்குப் பேர்போன டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் இருப்பதும் அதே பிரிக்பீல்ட்ஸில்தான். பழைய ரயில்வே நிலத்தில் 2001இல் கே.எல். சென்ட்ரல் திறக்கப்பட்டதும் அங்கேதான். அங்கிருந்து விமான நிலையத்துக்கு நேரடி ரயில் ஓடுகிறது. உலகுக்குப் போகும் வாசல் வீட்டருகே இருந்தும், ஏழைச் சிறுமிக்கு எட்டாத தூரம் நடனப் பள்ளிதான். இத்தகைய படங்களில் தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்க முடியாது.

தமிழகத் திரையோ இந்த மண்ணைச் சாகசக் களமாகவே பார்த்துப் பழகியது. 'பில்லா' (2007) பத்துமலையில் ஆடியது. 'கபாலி' (2016) கோலாலம்பூரில் கோட்டு மாட்டியது. 'கபாலி'யையாவது தோட்ட வரலாற்றைத் தொட்டதற்காகத் தனியே வைக்கலாம். சென்னைக்காரரின் பகற்கனவு எந்த ஊரில் இறங்குகிறதோ அதே ஊரில் விழித்திருப்பவரின் கதை வேறு.

ஸ்டில்லர் படத்தின்மேல் வரலாற்றுச் சுமையை ஏற்றுவது நியாயமா என்று கேட்கலாம். அந்தப் படம் யாருக்கும் கடன்படவில்லை, உண்மை. ஆனால் 'மனநிறைவுப் படம்' என்ற அளவுகோலை நம் படங்கள்மேல் வைத்து, 'ஏன் இத்தனை இருட்டு?' என்று கேட்கும் விமர்சனம் கடன்பட்டிருக்கிறது. 'ஜகாட்' 2016இல் 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் முதலில் தேசியமொழி அல்லாத படங்களின் தனிப்பிரிவில் ஒதுக்கப்பட்டது. கலைஞர்களின் எதிர்ப்புக்குப் பின் விதி மாறியது. சிறந்த மலேசியத் திரைப்படம் என்ற விருதை அதுவே பெற்றது. ஒரு படமே வாசலில் நிறுத்திவைக்கப்பட்ட நாட்டில், அதன் நாயகன் ஏன் ஐஸ்லாந்து போகவில்லை என்று கேட்பதில் பொருளில்லை.

மனம் நிறையும் சாகசப் படம் நமக்கு வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. அதற்கான கதை கிள்ளானிலேயே இருக்கிறது. துரை எதிரே வர, சைக்கிளைவிட்டு இறங்காமல் போன அந்த 1941ஆம் ஆண்டுத் தொழிலாளியை நம் இளம் இயக்குநர்கள் எழுதிப் பார்க்க வேண்டும்.