உடையவர் இல்லாத உயிருக்கு யார் பொறுப்பு? சேதுக்கரையில் விலங்கு மருத்துவத்தின் வரலாறு

அசோகரின் இரண்டாம் பெரும்பாறைச் சாசனம் மனிதருக்கும் விலங்குகளுக்குமான இருவகை மருத்துவ ஏற்பாடுகளைக் குறிப்பிடுகிறது. தம் ஆட்சிப்பகுதியில் மட்டுமன்றி, சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் நாடுகளிலும், தாமிரபரணி வரையிலும் அவை செய்யப்பட்டதாக அது கூறுகிறது. இங்கே தாமிரபரணி என்பது இலங்கை. ஆகவே சேதுக்கரை எனும் இராமநாதபுரம், இராமேசுவரம் கரையும் இந்தக் கூற்றின் எல்லைக்குள் வருகிறது. தம் ஆணை செல்லாத நாடுகளைப் பற்றி ஒரு பேரரசர் சொல்வதை அப்படியே ஏற்கலாமா என்ற ஐயம் நியாயமானது. சாசனத்தை மட்டும் கொண்டு இங்கே விலங்கு மருத்துவமனை இருந்தது என்று நிறுவ இயலாது. ஆனால் விலங்குக்கு மருந்து கொடுப்பது அரசின் கடமை என்ற எண்ணம் அன்றே எழுத்தில் ஏறிவிட்டது. உடையவர் உள்ளது, இல்லாதது என்ற பிரிவினையும் அதில் இல்லை. பிற்காலத்தில் நலிந்துபோனது இரக்கம் அன்று, பொறுப்பு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பாண்டியரின் குதிரை வணிகம் இதற்கு வலுவான சான்று. 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிஷ் தீவிலிருந்து ஆண்டுதோறும் 1,400 குதிரைகள் அனுப்ப ஒப்பந்தம் இருந்ததையும், ஒரு குதிரைக்கு 220 செம்பொன் தினார் விலை பேசப்பட்டதையும், வழியில் இறந்தாலும் விலை கொடுக்கப்பட்டதையும் பாரசீக வரலாற்றாசிரியர் வசாப் எழுதுகிறார். வாங்கிய குதிரைகளில் பெரும்பாலானவை ஆண்டுக்குள் மாண்டன என்கிறார் மார்க்கோ போலோ. நாட்டில் குதிரை வைத்தியர் இல்லை. விற்பனை குறையுமென்று அஞ்சிய வணிகர்கள் வைத்தியர் எவரையும் வரவிடவும் இல்லை. மார்க்கோ போலோ கேட்டதில் மிகை இருக்கலாம். ஆயினும் வசாபின் குறிப்போடு சேர்த்துப் படித்தால் ஓர் உண்மை தெளிவாகிறது: அவ்வளவு விலையுயர்ந்த விலங்குக்குக்கூட, அது பிழைப்பதில் ஆதாயமுள்ள ஒருவர் பொறுப்பேற்காதபோது மருந்து கிடைக்கவில்லை.

பொறுப்பு இல்லாத இடத்தைத் தர்மம் ஓரளவு நிரப்பியது. இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் வழியெங்கும் சத்திரங்களுக்கு மானியம் விட்டனர். தர்மத்துக்குக் கேடு செய்பவன் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்பது அந்த மானியச் செப்பேடுகளில் வழக்கமான எச்சரிக்கை. தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் நீர்நிலையருகே ஆவுரிஞ்சு கல் நட்டவர்கள், உடல் தினவெடுத்து வரும் மாடு யாருடையது என்று கேட்கவில்லை. இந்த மரபை மதிக்காமல் இக்கரையின் வரலாற்றை எழுத முடியாது. ஆனால் கல் நடுவது ஒருநாள் செயலாகவே முடியலாம். புண்ணுக்கு மருந்திடுவது நாள்தோறும் தொடர வேண்டிய வேலை. கோசாலைகள் இருக்கின்றனவே என்றால், அவை பசுவுக்கானவை. நாய்க்கும் கழுதைக்கும் அங்கே இடமில்லை.

ஆங்கிலேயர் கொண்டுவந்த 1871ஆம் ஆண்டுக் கால்நடை அத்துமீறல் சட்டம் பவுண்டு என்று ஊரார் சொன்ன கொண்டித்தொழுவை முறைப்படுத்தியது. அடைத்த மாட்டுக்குத் தீனியும் தண்ணீரும் கொடுக்கப் பவுண்டுக்காரர் கடமைப்பட்டவர். ஏழு நாளில் உடையவர் வராவிட்டால் அறிவிப்புக்குப் பின் ஏலம். நோக்கம் பயிர்க்காப்பு. தெருநாய்க்கு அந்தப் புகலிடமும் இல்லை. சென்னையில் அதற்குக் கிடைத்தது மாநகராட்சியின் கொலைக்களம்.

கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்யலாம் என்று புளூ கிராஸ் அமைப்பு 1964இல் முன்வைத்த யோசனையைச் சென்னை மாநகராட்சி 1996இல்தான் ஏற்றது. 2001இல் அது நாடு முழுவதற்குமான விதியானது. 2023இல் திருத்தி எழுதப்பட்டது. நாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்யும் பொறுப்பு உள்ளாட்சிக்கு என்று அது தெளிவாக வரையறுக்கிறது. இராமநாதபுரம் போன்ற வறண்ட மாவட்டத்தில் மனிதருக்கே மருத்துவம் போதாதபோது நாய்க்கு எதற்கு என்பது அடிக்கடி எழும் மறுப்பு. உலகின் வெறிநாய்க்கடி மரணங்களில் 36 விழுக்காடு இந்தியாவில் நிகழ்வதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போட்டால் நோய் பரவுவது நிற்கும். நாய்க்கு இடும் ஊசி கடலோரக் குப்பத்துக் குழந்தையின் உயிரையும் காக்கிறது.

எனினும் அந்த விதி எல்லா விலங்குகளையும் தழுவவில்லை. அடிபட்ட மாட்டுக்கும் கைவிட்ட கழுதைக்கும், மாவட்டந்தோறும் வதைத்தடுப்புச் சங்கமும் மருத்துவக் கூடமும் வேண்டும் என்ற 2001ஆம் ஆண்டின் வேறொரு விதியே ஆதாரம். கடலுக்கு அக்கரையில் மன்னாரில் தெருவில் திரியும் கழுதைகளுக்கென்றே ஒரு சிகிச்சை நிலையம் எழுந்திருக்கிறது. இக்கரையிலும் அந்த விதிக்கு உயிர் வர, மாவட்டச் சங்கத்துக்கு நிரந்தரக் கால்நடை மருத்துவரும், இராமேசுவரம் நகராட்சியின் வரவுசெலவில் மருந்துக்குத் தனி ஒதுக்கீடும் வேண்டும்.