ஹம்மார்பியில் விதைப்புத் திங்கள்

உயிரினங்களுக்கு இருசொற் பெயர் வகுத்தவராகவே கார்ல் லின்னேயஸை நாம் அறிவோம். திங்கள்களுக்கும் அவர் பெயரிட்டார். 1756ஆம் ஆண்டின் மலர் நாட்காட்டியில், கோடை முடிவில் அறுவடைத் திங்கள்; அதையடுத்து விதைப்புத் திங்கள். குளிர்நாட்டில் அப்போது விதைப்பா என நாம் வியக்கலாம். ரை தானியம் பனிக்கு முன்பே முளைத்தாக வேண்டுமே!

உப்சாலாவை அடுத்த ஹம்மார்பிப் பண்ணையை அவர் வாங்கியது 1758இல். கோடையில் மாணவரும் அங்கே வந்து பயின்றனர். 1766இல் உப்சாலாவில் பெருந்தீ. அஞ்சியவர், சேகரிப்புகளைக் காக்க மேட்டின்மேல் அடுப்பே இல்லாத கற்கட்டடம் எழுப்பினார். தீ அண்டவில்லை. 1778இல் அவர் மறைந்தார்; 1784இல் உலர்செடிகளும் நூல்களும் விற்கப்பட்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறின. வீட்டுச் சுவர்களில் அவர் ஒட்டிய தாவரப் படங்கள் எஞ்சின. தோட்டத்தில் அவர் நட்டவற்றின் வழித்தோன்றல்கள் சில இன்றும் கோடை முடிவில் விதை உதிர்க்கின்றன.