ஏழூர் என்னும் திருநாட்பெயர்

ஒரு விழாவிற்கு அழைப்பிதழில் இடும் பெயர் ஒன்று. ஊரார் வழங்கும் பெயர் மற்றொன்று. இல்லத்துப் பெரியோர் சொல்லும் பெயர் பிறிதொன்று. இவற்றுள் எது பழமையைக் காத்து நிற்கின்றது என்பதனைத் திருவையாற்றுச் சித்திரைத் திருவிழாவைக் கொண்டே ஆராய்வோம்.

அவ்விழாவின் நிறைவில் ஐயாறப்பர் அறம்வளர்த்த நாயகியோடு பல்லக்கில் எழுந்தருளி, நந்தியெம்பெருமானும் சுயசாம்பிகையும் உடன்வர, திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, திருநெய்த்தானம் ஆகிய தலங்களை வலம்வந்து திருவையாறு மீள்வார். இதனை அழைப்பிதழ் ‘சப்தஸ்தானம்’ என்னும். ஊரார் ‘ஏழூர்’ என்பர். நிறைவில் பொம்மையொன்று ஏழு பல்லக்குகளுக்கும் பூச்சொரிதலால் ‘பூப்போடுதல்’ என்பாரும் உளர். எம் இல்லத்திலோ, மணமாகிச் சென்ற பெண்களுக்கு, ‘ஏழூருக்கு வந்துவிடு’ என்றே கடிதம் விடுப்பர்.

பெயர்க்காரணம் யாது? பங்குனிப் புனர்பூசத்தில் திருமழபாடியில் நந்தியெம்பெருமானுக்குத் திருமணம் நிகழ்கின்றது. ‘நந்தி கல்யாணம், முந்திக் கல்யாணம்’ என்பது மணப்பேறு வேண்டுவோர் வாய்மொழி. அம்மணத்திற்குச் சோற்றுத்துறை அன்னமும், வேதிகுடி வேதியரையும், பூந்துருத்தி மலரும், நெய்த்தானம் நெய்யும், பழனம் பழமும் தந்தன என்றும், அந்நன்றிக்காகவே பெருமான் மணமக்களோடு அவ்வூர்கட்கு எழுந்தருள்கின்றார் என்றும் தலவரலாறு கூறும். பழனம் என்னும் சொல்லுக்கு வயல் என்பதே பொருள். ஆயின், வயல்வளமின்றி விருந்து ஏது? காவிரி நாட்டில் சொற்பொருளும் புராணமும் ஒன்றனையொன்று தழுவியே நிற்கின்றன.

இனி ஒன்று கருதற்பாலது. கி.பி. 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தரும் அப்பரும் பாடிய நெய்த்தானம், இன்று மக்கள் வழக்கில் தில்லைஸ்தானம் ஆயிற்று. பெயர் திரிந்தது; பெயரினின்று நெய் நீங்கிற்று. ‘இவ்வூர் நம் நந்தி திருமணத்திற்கு யாது தந்தது?’ என்று வினவின், இளையோர் விடை கூற இயலாது விழிக்கின்றனர். ‘சப்தஸ்தானம்’ என்பது ஏழிடம் என எண்ணிக்கையை உணர்த்துமேயன்றி, அவ்விடங்களில் வாழும் மக்களை நினைப்பிக்குமோ? ‘ஏழூர்’ என்னும்போதோ ஊரும் உறவும் ஒருங்கே தோன்றும்.

வடமொழிப் பெயரை விலக்குக என்பதன்று யாம் கூறுவது. அழைப்பிதழில் அதுவும் இருக்கட்டும். பல்லக்கு நும் வாயிலை அணுகும்போது, நும் பேரக்குழந்தையை அருகழைத்து ஏழூர்ப் பெயரையும் அவை தந்தவற்றையும் சொல்லிக் கொடுமின். அன்னமிட்ட அயலூரை ஆண்டுதோறும் தேடிச்சென்று நன்றி பாராட்டுதலை இறைவனே செய்து காட்டுகின்றான். நாம் அவ்வூர்ப் பெயரையேனும் மறவாதிருத்தல் வேண்டாவோ?

திருச்சிற்றம்பலம்.